ஆராய்ச்சிக்காகக் கம்ப்யூட்டர் கோடு எழுதுபவர் எதை முதலில் பழக வேண்டும்?

கேட்டவர் நீரியலில் பிஎச்டி இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். வானிலைத் துறையின் மழைத் தரவையும் செயற்கைக்கோள் தரவையும் ஒப்பிட்டு வடகிழக்குப் பருவமழையை ஆராய்கிறார். எல்லாம் பைத்தான், எல்லாம் ஒரே நோட்புக் (கோடைச் செல் செல்லாகப் பிரித்து எழுதி ஓட்டும் பக்கம்), சுமார் இரண்டாயிரம் வரி. ஐடி கம்பெனியில் இருக்கும் நண்பர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “டெஸ்ட் இல்ல, சிஐ இல்ல, டாக்கர் இல்ல, இதையெல்லாம் கோடுன்னு வெளியே சொல்லாதடா” என்றிருக்கிறார். டெஸ்ட் என்பது கோடு சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் சின்னக் கோடு, சிஐ என்பது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஏற்பாடு, டாக்கர் என்பது கோடையும் அது ஓட வேண்டியவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தரும் கருவி. கைடோ, “கிராஃப் வந்துடுச்சுல்ல, பேப்பரை எழுதுப்பா” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது கேள்வி.

நண்பர் சொன்ன பட்டியலில் முக்கால்வாசி உங்களுக்கு இப்போது வேண்டாம். கைடு சொன்னதை அப்படியே கேட்டால் பின்னால் அழ வேண்டிவரும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கோடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன்.

நண்பர் பயப்படும் விஷயம் வேறு, நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. அவருடைய கோடு நடுராத்திரியில் நின்றுபோனால் வாடிக்கையாளர் கத்துவார், போன் வரும். உங்கள் கோடு நின்றுபோனால் நல்லதுதான். சிவப்பு எழுத்தில் ஏதாவது வரும், சரிசெய்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். நிற்காமல் ஓடி, ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல், தப்பான எண்ணை அழகான கிராஃபாகப் போட்டுக் கொடுக்கிறதே, அதுதான் ஆபத்து. கம்பெனியில் சம்பளக் கணக்கு எவ்வளவு வர வேண்டும் என்று யாருக்காவது முன்பே தெரியும். உங்கள் விடை என்னவென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் அது ஆராய்ச்சி. ஆகவே எந்தப் பழக்கத்தை யார் சொன்னாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எண் தப்பாக வந்தால் இது எனக்குக் காட்டிக்கொடுக்குமா?

உங்கள் தரவிலேயே பார்ப்போம். நிலப்பரப்பைக் கால் டிகிரிச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மழை சொல்லும் வானிலைத் துறையின் கட்டத் தரவு 1901-லிருந்து கிடைக்கிறது. வருடத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொரு நாளுக்கும் 135 × 129 கட்டங்கள். கடலிலும் நாட்டு எல்லைக்கு வெளியிலும் உள்ள கட்டங்களில் −999 என்று போட்டிருக்கும். ‘இங்கே எண் இல்லை’ என்பதற்கான அடையாளம் அது. நீக்காமல் மொத்தமாகச் சராசரி போட்டால் மைனஸில் பல நூறு வரும், தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஆனால் தமிழ்நாட்டை மட்டும் வெட்டி எடுக்கும்போது கரையோரத்தில் ஒரே ஒரு கடல் கட்டம் உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். கணக்குக்கு வசதியாக மொத்தம் 200 கட்டம். 199 கட்டத்தில் 10 மில்லிமீட்டர் மழை, ஒன்றில் −999. கூட்டினால் 991, 200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. பத்து மில்லிமீட்டர் மழை ஐந்தாகிவிட்டது. ஐந்து என்பது நம்பக்கூடிய எண். கனமழை நாட்களை மட்டும் பிரித்து ஆராய்கிறவர் என்றால் மைனஸ் உங்கள் கண்ணில் படவே படாது.

இதைவிட மோசமான ஒன்றை அடிக்கடி பார்க்கிறேன். எங்கேயோ மைனஸ் மழை தென்பட்டவுடன் ‘பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவது. மைனஸ் மறைந்துவிடும், நிம்மதி. ஆனால் மழைமானி பழுதாகிக் கிடந்த நாளெல்லாம் இப்போது வறண்ட நாள். அண்மை வருடங்களில் விடுபட்ட நாட்கள் அதிகமாக இருக்கும் ஒரு நிலையத்தில் இந்த ஒரு வரியே ‘மழை குறைந்துவருகிறது’ என்ற முடிவைத் தயாரித்துக் கொடுக்கும். அறிமுகத்தில் பருவநிலை மாற்றம் பற்றி நாலு வரி போட்டு அனுப்பினால் ரிவ்யூவரும் சந்தேகப்பட மாட்டார்.

தேதியில் இன்னொரு கண்ணி. நம் வானிலைத் துறை ஒரு தேதியில் பதிவது, அன்று காலை எட்டரை மணியோடு முடியும் 24 மணி நேரத்து மழையை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழை ஏட்டில் 2-ஆம் தேதியில் இருக்கும். தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செயற்கைக்கோள் தரவு கிரீன்விச் நேரப்படி நாளை வெட்டுகிறது, அதில் அதே மழை டிசம்பர் 1-இல் விழும். இரண்டையும் தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. ‘செயற்கைக்கோள் நம் ஊர் கனமழையைப் பிடிக்கவில்லை’ என்று ஒரு பத்தி எழுதிவிடுவீர்கள். அது மழையைப் பற்றிய முடிவே இல்லை, கடிகாரத்தைப் பற்றியது. ஐரோப்பிய வானிலை மையத்தின் இரா5 (ERA5) தரவைச் சேர்த்தால் இன்னும் இரண்டு: அதில் மழை மீட்டரில் இருக்கும், மில்லிமீட்டரில் அல்ல, அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும், வானிலைத் துறைத் தரவில் தெற்கிலிருந்து வடக்காக ஏறும். இவை எதுவும் கோடை நிறுத்தாது.

பெரிய லேபில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜெஃப்ரி சாங், எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் வடிவத்தை 2001-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். அதன் மேல் அடுத்தடுத்துப் பேப்பர்கள் வந்தன. 2006-இல் சுவிட்சர்லாந்தில் டாசனும் லோக்கரும் அதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டபோது இரண்டும் ஒட்டவில்லை. தேடிப் பார்த்ததில், சாங்கின் லேபில் தரவைச் சுருக்கப் பயன்படுத்திய சொந்த ப்ரோகிராம் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிப் போட்டிருந்தது. அதனால் எலெக்ட்ரான் அடர்த்தி வரைபடமே தலைகீழாகி, அதன்மேல் கட்டிய புரதமும் திரும்பிப்போயிருந்தது. ஐந்து பேப்பர்களைத் திரும்பப் பெற்றார்கள், அவற்றில் மூன்று சயன்ஸில் வந்தவை. இத்தனை வருடமும் அந்த ப்ரோகிராம் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

இன்னொரு கதை வேதியியலில், இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மூலக்கூறுகளின் என்எம்ஆர் (காந்தப் புலத்தை வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் முறை) அளவுகளைக் கணக்கிட 2014-இல் நேச்சர் புரோட்டோகால்ஸ் இதழில் ஒரு செய்முறை வந்தது, கூடவே பைத்தான் ஸ்கிரிப்ட். பலர் எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஓட்டியபோது எண் ஒத்துவரவில்லை. ஒரே தரவு, ஒரே ஸ்கிரிப்ட்: விண்டோஸ் 10-இல் 173.2, உபுண்டு 16.04-இல் 172.4, மேக் மொஹாவேயில் 172.7. காரணம் ஒரே வரி. ஃபோல்டரில் உள்ள ஃபைல்களைப் பட்டியலிட பைத்தானின் ‘குளோப்’ என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது ஃபைல்களை எந்த வரிசையில் கொடுக்கும் என்பது கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைப் பொறுத்தது. வரிசை மாறாது என்று நம்பி ஸ்கிரிப்ட் ஒரு பட்டியலோடு இன்னொன்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டது. எழுதியவரின் கம்ப்யூட்டரில் அந்த நம்பிக்கை பலித்தது, அவ்வளவுதான். திருத்தம் என்ன? பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரே ஒரு சொல். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பேப்பர்களை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கலாம் என்று அப்போது செய்திகள் வந்தன.

இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. என் மாணவப் பருவத்தில் மாத வாரியாக ஃபைல் வைத்திருந்தேன்: மழை_1, மழை_2, இப்படி மழை_12 வரை. நான் வரிசைப்படுத்தவும் செய்திருந்தேன், அதுதான் வேடிக்கை. எழுத்து வரிசையில் 1-க்கு அடுத்து வருவது 2 அல்ல. 10, 11, 12, அப்புறம்தான் 2. ஜனவரிக்கு அடுத்த மாதம் அக்டோபர். இரண்டு வாரம் அதை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒருநாள் சும்மா மாதச் சராசரியை வரைந்து பார்த்தபோது தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்து, “என்னடா, மாசிப் பனியில மழை பேயுது?” என்றார். அன்றிலிருந்து என் ஃபைல் பெயர்களில் 01, 02 என்றுதான் இருக்கும்.

அந்த அக்கா செய்ததுதான் டெஸ்ட். ‘விடை தெரியாத கோடுக்கு எப்படி டெஸ்ட் எழுதுவது?’ என்று ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் கேட்பார்கள். விடை தெரியாவிட்டால் விடை தெரிந்த தரவை நீங்களே உண்டாக்கிக் கொடுங்கள். எல்லாக் கட்டத்திலும், எல்லா நாளும், சரியாக 1 மில்லிமீட்டர் மழை என்று ஒரு பொய்த் தரவு செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தம் எவ்வளவு வர வேண்டும்? 31, 30, 31, ஆக 92. கோடு 91 என்று சொன்னால், பைத்தானில் கடைசி எண்ணைச் சேர்க்காமல் வெட்டும் பழக்கத்தில் டிசம்பர் 31 உதிர்ந்துவிட்டது. லீப் வருடத்தில் மட்டும் மாறினால், தேதிக்குப் பதில் நாள் எண்ணை வைத்து வெட்டியிருக்கிறீர்கள். பத்து வரி டெஸ்ட், எத்தனை தப்பைப் பிடிக்கிறது பாருங்கள்.

போக்குக் கணக்கிடும் ஃபங்ஷனுக்கு (ஃபங்ஷன் என்பது ஒரு வேலையை மட்டும் செய்யும், பெயர் வைத்த கோடுத் துண்டு), வருடத்துக்கு 2 மில்லிமீட்டர் கூடும்படி ஒரு செயற்கைத் தொடரைக் கொடுத்து 2 திரும்பி வருகிறதா பாருங்கள். அடுத்து வருடங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிட்டுக் கொடுங்கள். அப்போதும் ‘குறிப்பிடத்தக்க போக்கு’ என்று அடிக்கடி சொன்னால் கோடில் கோளாறு. −999 உள்ள ஆறு எண்களைக் கையால் எழுதி, கையால் சராசரி போட்டு, ஒப்பிடுங்கள். கடைசியாக நிஜ உலகச் சோதனை: தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைச் சராசரி சுமார் 440 மில்லிமீட்டர். உங்கள் கோடு 44 என்றோ 4,400 என்றோ சொன்னால் அலகு தப்பு, 300 என்று சொன்னால் எங்கோ கட்டமோ நாளோ போய்விட்டது. சென்னைக் கட்டத்தில் 2015-க்கான உச்ச மழை நாளைக் கேளுங்கள். வானிலைத் துறைத் தரவில் டிசம்பர் 2 என்றால் தேதியும் சரி, அட்சரேகையும் சரி. வரைபடம் தலைகீழாக இருந்தால் அந்த இடத்தில் வேறு ஊர் மழை வந்து நிற்கும், தேதி ஒட்டாது.

டெஸ்ட் இல்லாமலே பாதி வேலையைச் செய்துவிடும் இன்னொன்று, கோடுக்குள்ளேயே அசெர்ட் போடுவது, அதாவது ‘இது உண்மையாக இல்லாவிட்டால் நில்’ என்ற வரி. மழை எங்கும் பூஜ்யத்துக்குக் கீழே இல்லை, ஒரு நாளில் 2,000 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை, நாட்கள் 365 அல்லது 366, இணைத்த பின் வரிசைகளின் எண்ணிக்கை மாறவில்லை. உங்கள் மனதில் ‘இது இப்படித்தானே இருக்கும்’ என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ அந்த இடத்தில் அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். தப்பினால் கோடு நிற்கும். நிற்க வேண்டும், அதற்குத்தான்.

இந்த டெஸ்டெல்லாம் எழுத வேண்டும் என்றால் கோடு ஃபங்ஷன்களாகப் பிரிந்திருக்க வேண்டும். இங்கேதான் இரண்டாயிரம் வரி நோட்புக் இடிக்கிறது. நோட்புக்கின் கோளாறு நீளம் அல்ல, ஓட்டும் வரிசை. மேலே ஒரு செல்லைத் திருத்துவீர்கள், கீழே மூன்று செல்லை ஓட்டுவீர்கள், நடுவில் ஒன்றை அழித்திருப்பீர்கள். அழித்த செல் உண்டாக்கிய மாறி இன்னும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். திரையில் தெரியும் கோடும் விடையைக் கொடுத்த கோடும் வேறு வேறு. 2019-இல், பலரும் தங்கள் கோடை வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் இருந்த சுமார் 14 லட்சம் ஜூப்பிட்டர் நோட்புக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையில்லாமல் கடைசிவரை ஓடியவை 24 சதவீதம், முதலில் இருந்த அதே விடையைக் கொடுத்தவை 4 சதவீதம்.

நோட்புக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யோசிக்கவும் வரையவும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் கர்னலை (நோட்புக்குக்குப் பின்னால் கோடை ஓட்டும் ப்ரோகிராமை) ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே செல்லை மூன்றாவது முறை காப்பி செய்யும்போது அதை ஃபங்ஷனாக்கித் தனி ஃபைலுக்கு நகர்த்துங்கள். தரவைப் படிப்பது ஒரு ஃபங்ஷன், கணக்கு இன்னொன்று, வரைவது வேறொன்று. கணக்குப் போடும் ஃபங்ஷனுக்குள் ஃபைலின் பெயர் வரவே கூடாது. வந்தால் பொய்த் தரவைக் கொடுத்துச் சோதிக்க முடியாது. இந்த ஒரு விதியைப் பிடித்தால் மற்ற ஒழுங்கெல்லாம் தானாக ஓரளவு வந்துவிடும்.

மூலத் தரவை ஒருபோதும் தொடாதீர்கள். இறக்கிய ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்; திருத்தம் எல்லாம் கோடு வழியாக, வேறு ஃபோல்டரில். எக்செல்லில் ‘ஒரே ஒரு தடவை’ திறந்து சேமித்த ஃபைலை நான் நம்ப மாட்டேன். மரபணுப் பெயரான மார்ச்1-ஐ எக்செல் மார்ச் மாதம் முதல் தேதி என்று மாற்றிவிடும். 2016-இல் பார்த்தபோது எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த பேப்பர்களில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் எக்செல் மாறும்வரை காத்திருக்காமல் மரபணுவின் பெயரையே மாற்றினார்கள். 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அதை மார்ச்எஃப்1 ஆக்கிவிட்டது.

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர் கோபித்துக்கொள்வார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதியது. ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக வேலை செய்ய உண்டாக்கிய கருவி. ஒற்றை ஆளுக்கு அதில் ஐந்து கட்டளை போதும். பிராஞ்ச், ரீபேஸ் எல்லாம் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்_2’, ‘ஃபைனல்_சார்_சொன்னது’ என்று ஃபைல் குவியாது என்பது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு: பதினான்கு மாதம் கழித்து ரிவ்யூவர் ‘மூன்றாவது படத்தில் எல்லையை மாற்றிப் போட்டுக் காட்டுங்கள்’ என்று கேட்பார். அந்தப் படத்தை எந்தக் கோடு வரைந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் படத்தைச் சேமிக்கும் ஃபங்ஷன், அப்போதைய கமிட் (கிட்டில் பதிந்த ஒரு நிலை) எண்ணின் முதல் ஏழு எழுத்தையும் படத்தின் ஃபைல் பெயரிலேயே சேர்த்துவிடட்டும். கமிட் செய்யாத மாற்றம் இருந்தால் ‘அழுக்கு’ என்று ஒரு சொல்லையும் ஒட்டட்டும். அழுக்குப் படம் பேப்பருக்குப் போகாது என்று எங்கள் லேபில் விதியே வைத்திருக்கிறோம். நான் சொன்னதிலேயே மிகக் குறைந்த உழைப்பு, மிக அதிகப் பயன் இதற்குத்தான்.

பைத்தானும் நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளும் எந்தப் பதிப்பு என்று ஒரு ஃபைலில் எழுதி அதையும் கிட்டில் வையுங்கள். பைத்தான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3-இல் 3.5, பழைய கோடு புதியதில் பிழை இல்லாமல் ஓடி வேறு விடை தரும். ரேண்டம் எண்ணுக்கு சீட் (தொடக்க எண்) வைத்தாலும், நம்பை என்ற பைத்தான் லைப்ரரி தன் பதிப்புகளுக்கிடையே அதே வரிசையைத் தருவதாக எல்லா இடத்திலும் உறுதி சொல்வதில்லை, ஆகவே சீட்டும் வேண்டும், பதிப்பும் வேண்டும். அதே சமயம், ஒரு சீட்டில் மட்டும் வரும் முடிவு முடிவே அல்ல. பத்து சீட்டில் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தவர் கண். இதைத்தான் யாரும் செய்வதில்லை, வெட்கம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், லேபில் இன்னொருவரோடு உட்கார்ந்து உங்கள் கோடை வரி வரியாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. பாதித் தப்பை, விளக்கும்போது நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பொருளாதாரத்தில் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி விழுந்துவிடும் என்றது. பல அரசாங்கங்களின் சிக்கனத் திட்டங்களுக்கு அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பச் செய்து பார்த்தார். வரவில்லை. எழுதிக் கேட்டு எக்செல் ஃபைலை வாங்கித் திறந்தால், சராசரி போடும் சூத்திரம் 30-ஆம் வரிசையிலிருந்து 44 வரை. 49 வரை போயிருக்க வேண்டும். ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. −0.1 சதவீதம் என்று சொல்லியிருந்த வளர்ச்சி 2.2 என்று வந்தது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த வித்தியாசத்தில் எக்செல் பிழையின் பங்கு சின்னது. சில நாடுகளின் சில ஆண்டுகளை விட்டதும், நாடுகளுக்குக் கொடுத்த எடையும்தான் பெரும்பங்கு. ஆனால் அவையும் அந்த ஃபைலைத் திறந்ததால்தான் தெரியவந்தன.

இப்போது எதை விடலாம் என்பதற்கு வருகிறேன். டாக்கர் இப்போது வேண்டாம். பல கம்ப்யூட்டர்களை இணைத்த பெரிய கிளஸ்டரில் ஓட்டும் நாள் வந்தால் யாராவது கற்றுக்கொடுப்பார்கள். சிஐ-யும் அப்படித்தான், உங்கள் டெஸ்டை நீங்களே ஓட்டினால் போதும். நூறு சதவீதக் கவரேஜ் (எல்லா வரியையும் டெஸ்ட் தொடுவது), டிசைன் பேட்டர்ன், கிளாஸ் மேல் கிளாஸ் அடுக்குவது எல்லாம் உங்களுக்கு இல்லை. வேகத்தையும் கடைசியில் பாருங்கள். ராத்திரி ஓட்டிவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும் என்றால் அது போதுமான வேகம்.

கோடு அசிங்கமாக இருக்கிறதே என்ற வெட்கமும் வேண்டாம். 2020-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கோவிட் மாடல் பிரிட்டனின் ஊரடங்கு முடிவில் பெரிய பங்கு வகித்தது. அதன் மூலக் கோடு ஒரே ஃபைலில் சுமார் 15,000 வரி சி. சுத்தப்படுத்தி வெளியிட்டபோது ஐடிக்காரர்கள் இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அசிங்கமான கோடு, ஆகவே விடையும் தப்பு என்று. பிறகு கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் எக்லன் அந்தக் கோடை எடுத்து ஓட்டிப் பார்த்தார். அறிக்கையில் சொன்ன எண்களுக்கு மிக நெருக்கமாகவே விடைகள் வந்தன. மாடலின் அனுமானங்கள் சரியா என்பது தனி வாதம், அதைச் செய்யலாம். அசிங்கம் என்பதும் தப்பு என்பதும் ஒன்றல்ல. ஆனால் அசிங்கமான கோடில் தப்பு ஒளிந்துகொள்ள இடம் அதிகம், அதையும் மறுக்க முடியாது.

ஏஐ எழுதித் தருகிறதே என்று கேட்பீர்கள். நானும் பயன்படுத்துகிறேன். அது தரும் கோடு பார்க்க மிகச் சுத்தமாக இருக்கும், அதுதான் எனக்குச் சங்கடம். நீங்கள் சொல்லாவிட்டால், தாம்பரத்தின் 49 சென்டிமீட்டர் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது என்பதை அது கவனிக்காது. டெஸ்டை நீங்கள் எழுதுங்கள், கோடை அது எழுதட்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.

பேப்பர் ஏற்கப்பட்டவுடன் கோடை, ஆய்வுத் தரவையும் கோடையும் சேமித்துவைக்கும் ஸெனோடோ தளத்தில் போடுங்கள். செர்ன் நடத்துகிறது, இலவசம், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும், கிட்ஹப்பிலிருந்தே இணைக்கலாம். கிட்ஹப் இணைப்பை மட்டும் பேப்பரில் கொடுத்தால் நாளைக்கு நீங்களே கணக்கை அழித்துவிடலாம். கூடவே ஒரு லைசென்ஸ் ஃபைல். லைசென்ஸ் இல்லாத கோடை, எழுதியவரின் அனுமதி இல்லாமல் யாரும் சட்டப்படி எடுத்துப் பயன்படுத்த முடியாது என்பது பலருக்குத் தெரியாது. எம்ஐடி லைசென்ஸ் போதும்.

நேரம் எவ்வளவு என்று கேட்டீர்கள். முதல் வாரம் முழுதாக ஒதுக்குங்கள். முதல் நாள் கிட், பதிப்பு ஃபைல், தரவு ஃபோல்டரைப் பூட்டுவது. கிட்டும், கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் ஷெல்லும் கற்க சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கிரெக் வில்சன் 1998-இல் ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தொடங்கியது. அடுத்த இரண்டு நாள் நோட்புக்கிலிருந்து தரவு படிக்கும் பகுதியையும் பருவ மொத்தம் போடும் பகுதியையும் மட்டும் வெளியே எடுங்கள், இரண்டாயிரம் வரியையும் அல்ல. நான்காம் நாள் 92 டெஸ்ட், −999 டெஸ்ட், டிசம்பர் 2 டெஸ்ட். ஐந்தாம் நாள் ஏதாவது ஒன்று தோற்றிருக்கும், அதைத் திருத்துவதில் போகும். அதன்பின் வாரத்துக்கு அரை நாள் போதும், ஒரு விதியோடு: புதிதாக ஒரு பிழையைக் கண்டுபிடித்தால், திருத்தும் முன் அதைப் பிடிக்கும் டெஸ்டை எழுதிவிட வேண்டும்.

கைடிடம் டெஸ்ட், ரீஃபேக்டர் (விடை மாறாமல் கோடைத் திருத்தி அமைப்பது) என்ற சொற்களையே எடுக்காதீர்கள். ‘சாஃப்ட்வேர் வேலைக்குப் போகப்போறியா?’ என்பார். தேதியைச் சரிசெய்வதற்கு முந்தைய கிராஃபையும் பிந்தையதையும் ஒன்றாக அச்செடுத்து மேஜையில் வையுங்கள். 2015 டிசம்பரில் கிராஃபில் இரண்டு வளைகோடுகளின் உச்சியும் ஒரு நாள் தள்ளி நிற்பதும், பிறகு ஒன்றாகச் சேர்வதும் அவருக்கே தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போன கான்ஃபரன்ஸ்ல நாம கொடுத்த படம் இதுல எது?” என்று கேட்பார். அதற்குப் பதில் அந்தப் படத்தின் ஃபைல் பெயரில் இருக்க வேண்டும்.